ஓசூர் வெயிலில் பறக்கும் விமானத்துக்குச் சூடாகும் பிட்டோ குழாய் தேவையா?

சிப்காட் சிறகு (ஓசூர்) கேட்கிறார்:

ஓசூரில் ஒரு ஷெட்டில் இரண்டு இருக்கை விமானம் கட்டிக்கொண்டிருக்கிறேன். அலுமினிய உடல், ரோட்டாக்ஸ் 912 யுஎல்எஸ் எஞ்சின். இடது இறக்கையின் அடித்தகடு மட்டும் இன்னும் ரிவெட் அடிக்காமல் நிற்கிறது. அதை மூடுவதற்குள், எதிரே மோதும் காற்றின் அழுத்தத்தை வேகமானிக்குக் கொண்டுபோகும் பிட்டோ குழாய் விஷயத்தை முடிவு செய்தாக வேண்டும்.

கிட்டுடன் வந்தது வளைத்த அலுமினியக் குழாய்த் துண்டு, அவ்வளவுதான். எனக்குப் பிழைப்பே லேத் பட்டறை என்பதால், அதைவிட நல்லதை நானே கடைந்துவிடுவேன். ஆனால் கார்மின் ஜிஏபி 26, டைனான் போன்ற, பனி உறைந்து அடைக்காமல் இருக்க ஹீட்டர் வைத்த குழாய்களைப் பார்த்ததிலிருந்து மனம் அங்கேயே நிற்கிறது. தாக்குகோணத்தை (இறக்கை காற்றைச் சந்திக்கும் கோணம்) அளக்கும் இரண்டாவது துளையும் அவற்றில் உண்டு. விலையோடு சுங்க வரியையும் கூட்டிப் பார்த்தால்தான் தயக்கம் வருகிறது.

பகலில், மேகத்துக்கு வெளியே மட்டும் பறப்பேன். 10,000 அடியைத் தாண்டும் எண்ணம் இல்லை. வாங்கலாமா? வாங்கினால் எங்கே, எப்படிப் பொருத்துவது? (அனுமதிக் காகிதங்கள் தனிக்கதை. அதை இங்கே இழுக்க வேண்டாம்.)

பழைய கருவிக்காரர் (தர்மபுரி):

தம்பி, குழாயின் விலையை விடுங்கள். அது எத்தனை ஆம்பியர் இழுக்கிறது என்று முதலில் பாருங்கள். 12 வோல்ட் ஹீட்டர் குழாய்கள் முழுச்சூட்டில் ஏறத்தாழ 8 முதல் 10 ஆம்பியர் வரை கேட்கும். உங்கள் 912 யுஎல்எஸ் எஞ்சினின் ஜெனரேட்டர் 250 வாட். முழுச் சுழற்சியில் சுமார் 18 ஆம்பியர். அதில் பாதியைக் குழாயே எடுத்துக்கொண்டால், ரேடியோ, ராடாருக்குப் பதில் சொல்லும் டிரான்ஸ்பாண்டர், திரை, விளக்கு எல்லாம் மீதியில் பிழைக்க வேண்டும். எஞ்சின் சுழற்சியைக் குறைத்து இறங்கும்போது அந்த மீதியும் சுருங்கிவிடும்.

அடுத்து, பனி. ஓசூரே கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 3,000 அடியில் இருக்கிறது. பிற்பகலில் தரையில் 28 டிகிரி என்றால், ஆயிரம் அடிக்கு 2 டிகிரி வீதம் கழித்துப் பாருங்கள்: 10,000 அடியில் 14 டிகிரி. தென்னிந்தியாவின் மேல் பூஜ்ய டிகிரி மட்டம் பொதுவாக 16,000 அடியை ஒட்டித்தான் கிடைக்கும். நீங்கள் சொல்லும் பறத்தலில் குழாய் உறைவதற்கு வழியே இல்லை.

இந்த ஊரில் பிட்டோ குழாயின் எதிரி குளவி. பூட்டு ஓட்டை, மோட்டார் துளை என்று எதையும் விடாமல் மண் வைத்து அடைக்கும் அதே குளவிதான். 1996 பிப்ரவரியில் டொமினிக்கன் குடியரசின் புவேர்ட்டோ பிளாட்டாவிலிருந்து கிளம்பிய பர்ஜன்ஏர் போயிங் 757 கடலில் விழுந்து 189 பேர் இறந்தார்கள். சில நாட்கள் உறை போடாமல் நின்ற விமானம் அது. குளவிக் கூடு குழாயை அடைத்திருக்கலாம் என்பதே விசாரணையின் முடிவு. மண்ணை எந்த ஹீட்டரும் கரைக்காது, சுட்டுச் செங்கல்லாக்கும். ஆகவே முதல் செலவு உறைக்கு. சிவப்பு நாடா நீளமாகத் தொங்கட்டும். 2018 ஜூலையில் பிரிஸ்பேனில் குளவிக்குப் பயந்து போட்ட உறையைக் கழற்றாமலே ஒரு ஏர்பஸ் ஏ330 ஏறிவிட்டது. நல்லவேளையாகப் பத்திரமாகத் திரும்பி இறங்கியது.

அடைப்பு எப்படித் தெரியும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். முன்துளை மட்டும் அடைத்து, நீர் வழிய விட்ட வடிகால் துளை திறந்திருந்தால் வேகமானி முள் பூஜ்யத்துக்கு விழும், யாருக்கும் புரியும். இரண்டும் அடைத்துக்கொண்டால்தான் ஆபத்து. உள்ளே சிறைப்பட்ட காற்றின் அழுத்தம் மாறாது, ஏற ஏற வெளி அழுத்தம் குறையும், முள் வேகம் கூடுவதாகக் காட்டும். வேகம் அதிகம் என்று நம்பி மூக்கைத் தூக்குகிறவர் ஸ்டாலில் (இறக்கை தூக்குவிசையை இழக்கும் நிலை) போய் நிற்பார்.

என் தீர்ப்பு: ஹீட்டர் இல்லாத குழாய் போதும்.

மழைமேகம் (கிருஷ்ணகிரி):

ஐயா சொல்வதில் பாதிக்கு நான் உடன்படவில்லை. பனி இல்லை, சரி. மழை? ஐப்பசியில் மேகத்துக்கு வெளியே இருந்தாலும் ஒரு சாரலுக்குள் மாட்டாமல் யார் பறந்திருக்கிறார்கள்? துளைக்குள் புகுந்த நீரை ஹீட்டர் உலர்த்திவிடும். அதை நாள் முழுக்க ஓட்டவும் தேவையில்லை. மழையில் போட்டு, வெளியே வந்ததும் அணைத்துவிடலாம். விளக்கெல்லாம் எல்இடி ஆகிவிட்ட காலத்தில் 10 ஆம்பியரைச் சில நிமிடங்கள் தர முடியாதா?

இன்னொன்று அண்ணா, இந்த விமானம் என்றும் ஓசூரிலேயே இருக்கும் என்று யார் சொன்னது? வாங்குகிறவர் வடக்கே குளிர்காலத்தில் பறக்கிறவராக இருக்கலாம்.

பழைய கருவிக்காரர் (தர்மபுரி):

சாரலில் நனைந்த குழாயை வடிகால் துளையே பார்த்துக்கொள்ளும் அம்மா. அதற்குத்தான் அந்தத் துளை. ஆனால் விற்பனை பற்றிச் சொன்னது நியாயம். அப்படியென்றால் தகடு மூடுவதற்கு முன் செய்ய வேண்டியதைச் செய்து வைக்கட்டும். குழாயைப் பிறகு மாற்றிக்கொள்ளலாம்.

தம்பி, இடம்: இடது இறக்கைக்கு அடியில், புரொப்பெல்லர் காற்று படாத தூரத்தில், இறக்கையைத் தாங்கும் ஸ்ட்ரட்டுக்கும் சக்கரம் வாரியடிக்கும் சேற்றுக்கும் விலகி. தகட்டிலிருந்து ஒரு சாண் கீழே இறங்கி, வாய் முன்னால் நீட்டிக்கொண்டு நிற்கட்டும். தகட்டை ஒட்டி வைத்தால் இறக்கையை ஒட்டி ஓடும் மந்தமான காற்றைத்தான் அளப்பீர்கள். ஷெட்டில் குனிந்து போகிறவர் நெற்றி இடிக்கும் உயரம் அதுதான், ஆகவே டென்னிஸ் பந்து ஒன்றைக் குத்தி வையுங்கள்.

மாஸ்ட் எனப்படும் தண்டை வெறும் தகட்டில் திருகாதீர்கள். உள்ளே இரட்டைத் தகடு வைத்து, அதை ரிப்புடன் (இறக்கையின் உள்சட்டம்) சேர்த்து ரிவெட் அடியுங்கள். பக்கத்திலேயே கை நுழையும் அளவுக்கு ஒரு மூடி வேண்டும். இணைப்பை எட்ட முடியாத பிட்டோ குழாயை நான் நிறையவே சபித்திருக்கிறேன். ஏஎன்5812 என்ற பொது வடிவத் தண்டை எடுத்தால் பல தயாரிப்பாளர்களின் குழாய் அதில் உட்காரும். வாங்குமுன் ஒருமுறை கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

ஹீட்டருக்கு இருபுறமும் தனி வயர், சுமார் 2 சதுர மில்லிமீட்டர் குறுக்குவெட்டு, டெஃப்செல் என்ற வெப்பம் தாங்கும் உறையுள்ளது. வீட்டு வயரிங் வயர் வேண்டாம், அதன் பிவிசி எரிந்தால் விமானி அறைக்குள் நச்சுப்புகை. போகும் வயரையும் வரும் வயரையும் முறுக்கி ஒன்றாகக் கொண்டுபோங்கள். பிரித்துப் போட்டால் திசைகாட்டி பொய் சொல்லும். அதற்கென்று தனி சர்க்யூட் பிரேக்கர். காற்றுக்குழாயைப் பொறுத்தவரை, சூடாகும் தலையிலிருந்து முதல் ஒரு அடி அலுமினியம், பிறகுதான் பிளாஸ்டிக். தாக்குகோணத் துளைக்கு இரண்டாவது குழாயையும் இப்போதே இழுத்து வையுங்கள். நீர் கருவிப் பக்கம் ஓடாமல் வெளியே வழியும் சரிவு இருக்கட்டும்.

சிப்காட் சிறகு (ஓசூர்):

நன்றி ஐயா, நன்றி மழைமேகம். தண்டு, மூடி, வயர், இரண்டு குழாய்கள் எல்லாம் இப்போதே. தலையை நானே பித்தளையில் கடைகிறேன், ஹீட்டர் பிறகு. கசிவைச் சோதிக்க விலை உயர்ந்த கருவி வேண்டுமா?

பழைய கருவிக்காரர் (தர்மபுரி):

வேண்டாம். கொத்தனார் மட்டம் பார்க்கும் டியூப் ஒன்று வாங்கி, பலகையில் U வடிவில் கட்டி, நிறம் கலந்த தண்ணீர் ஊற்றுங்கள். டி இணைப்பு போட்டு ஒரு கால் டியூப்புக்கு, ஒரு கால் பிட்டோவுக்கு, ஒரு கால் சிரிஞ்சுக்கு. சிரிஞ்சை மெதுவாக அழுத்துங்கள். இரு பக்க நீர்மட்டத்துக்கும் வித்தியாசம் 41 மில்லிமீட்டர் ஆனால் வேகமானி 50 நாட் (மணிக்குக் கடல்மைல்) காட்ட வேண்டும், 106 ஆனால் 80, 166 ஆனால் 100. காற்றுவேகமானியைக் கடல்மட்ட அடர்த்திக்கே அளவிடுகிறார்கள், ஆகவே ஓசூர் உயரத்துக்கென்று எதையும் திருத்த வேண்டியதில்லை. வடிகால் துளையை டேப்பால் மூடி, ஒரு நிமிடம் முள் அசையாமல் நிற்கிறதா பாருங்கள். வாயால் ஊதவே கூடாது. சோதனை முடிந்ததும் அந்த டேப்பை உரித்துவிட்டீர்களா என்று இன்னொருவரைப் பார்க்கச் சொல்லுங்கள்.