மொழி தெரியாத குழந்தைக்கு எந்தப் பூங்கா?

"பூங்காவுக்குக் கூட்டிப் போனாலும் ஓரமாகத் தனியாகவே நிற்கிறான், கூச்சமோ என்னவோ" என்று ஐரோப்பாவுக்குப் புதிதாகக் குடிவந்தவர்கள் பலர் கேட்கிறீர்கள். குழந்தையின் சுபாவத்தைக் குறை சொல்வதற்கு முன் அந்தப் பூங்காவை ஒரு தடவை நன்றாகப் பாருங்கள்.

நானும் வந்த புதிதில் பெரிய சறுக்குமரமும் பளபள வண்ணமும் உள்ள இடமாகத் தேடித் தேடிப் போனேன். மகள் வரிசையில் நிற்பாள், சறுக்குவாள், மறுபடி வரிசைக்கு வருவாள். ஒரு மணி நேரம் போயிருக்கும், யாரோடும் ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டாள். பேச அங்கே என்ன இருக்கிறது? முன்னால் நிற்கும் குழந்தை நகர்ந்தால் போதும்.

மணலும் கைபம்பும் இருக்கிற இடத்தில் கதையே வேறு. ஒருவர் பம்பு அடிக்க வேண்டும், இன்னொருவர் வாய்க்கால் வெட்ட வேண்டும், கரை உடைந்தால் நாலு பேர் ஓடி வந்து அணைபோட வேண்டும். கை காட்டினாலே வேலை நடக்கும். கூடை ஊஞ்சலும் அப்படித்தான், உள்ளே படுத்திருப்பவரை யாராவது தள்ளிவிட வேண்டும்.

இது புதுக் கண்டுபிடிப்பு இல்லை. கட்டுமான இடத்துப் பலகையோடும் செங்கல்லோடும் பிள்ளைகள் ஒன்றிப்போய் விளையாடுவதைக் கவனித்த சோரென்சன் என்ற நிலவடிவமைப்பாளரின் யோசனைப்படி, 1943இல் கோபன்ஹேகனின் எம்ட்ரப் பகுதியில் பழைய சாமான்களைப் போட்டே ஒரு திடல் திறந்தார்கள். ஆம்ஸ்டர்டாமில் ஆல்டோ வான் ஐக் என்ற கட்டடக் கலைஞர் 1947 முதல் எழுநூறுக்கும் மேற்பட்ட திடல்களை வடிவமைத்தார். மணல்குழி, வளைந்த கம்பி, தாண்டிக் குதிக்கச் சில கட்டைகள், அவ்வளவுதான். அது கோட்டையா கப்பலா என்பது பிள்ளைகள் பாடு.

அடுத்து, உயரம். மற்ற பிள்ளைகள் ஏறி விளையாடும் கயிற்றுக் கூம்பின் உச்சியில் நிற்பதைப் பார்த்து எனக்கு வயிறு கலங்கியது. விளையாட்டுத் திடல் சாதனங்களுக்கான ஐரோப்பியத் தரவிதி இ.என். 1176இன்படி விழக்கூடிய உயரம் 3 மீட்டரைத் தாண்டக் கூடாது, கீழே அதிர்ச்சி தாங்கும் தரை இருக்க வேண்டும். அதற்காக அடியே படாது என்று அர்த்தமில்லை, கை முறியவும் செய்யலாம். அதனால் தானாக ஏற முடியாத இடத்தில் குழந்தையைத் தூக்கி விடாதீர்கள். முதல் படியை எட்ட முடியாத சின்னப் பிள்ளைக்கு மேலே வேலை இல்லை.

இரண்டு விஷயத்தில் மட்டும் நான் கறார். சைக்கிள் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டுத்தான் ஏற வேண்டும். உடல் நுழைகிற இடைவெளியில் ஹெல்மெட் சிக்கினால் கழுத்து மாட்டிக்கொள்ளும். அப்புறம், குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு நீங்கள் சறுக்காதீர்கள். அதன் கால் பக்கவாட்டில் மாட்டினால் உங்கள் எடையும் சேர்ந்து எலும்பை முறித்துவிடும்.

மற்றபடி கொஞ்சம் தள்ளியே உட்காருங்கள். மணலுக்குப் போகும்போது இரண்டு மண்வாரி கொண்டு போங்கள், ஒன்று பக்கத்தில் வந்து நிற்கிற குழந்தைக்கு. பழையதாகப் பார்த்து எடுங்கள், திரும்பி வராமலும் போகலாம்.