பிபிசி மைக்ரோ எமுலேட்டர்: மூன்றிலும் ஒரே 'பேட் மோட்' பிழை, எதை நம்புவது?

பொன்மலை:
வணக்கம். என் பெரியம்மா 80களின் பின்பாதியில் பள்ளியில் கம்ப்யூட்டர் வகுப்பு எடுத்தவர். பள்ளிகளுக்குக் கம்ப்யூட்டர் கொடுத்த கிளாஸ் திட்டத்தில் வந்த பிபிசி மைக்ரோ கம்ப்யூட்டர், மாடல் பி. பிள்ளைகளுக்காக அவரே பேசிக் மொழியில் எழுதிய ஒரு வடிவியல் பாடம், முக்கோணம், கோணம் எல்லாம் திரையில் வரைந்து கேள்வி கேட்கும், அது ஒரு ஐந்தேகால் அங்குல பிளாப்பியில் இருந்தது. தெரிந்தவர் ஒருவர் அதை எஸ்எஸ்டி கோப்பாக, அதாவது பிளாப்பியின் முழு நகலான டிஸ்க் இமேஜாக, எடுத்துக் கொடுத்துவிட்டார். அளவு 102400 பைட்.

புரோகிராம் லோடு ஆகிறது, லிஸ்ட் கொடுத்தால் முதல் வரியிலிருந்து கடைசி வரை சுத்தமாக வருகிறது. ரன் கொடுத்ததும் 40-ஆவது வரியில் 'பேட் மோட்' என்று நின்றுவிடுகிறது. அந்த வரியில் திரை வகையை மாற்றும் மோட் 1 என்ற கட்டளையைத் தவிர வேறு ஒன்றும் கிடையாது. பழைய கம்ப்யூட்டரைப் போலவே இயங்கும் மென்பொருளான எமுலேட்டர்களில்தான் ஓட்டுகிறேன். விண்டோஸில் பீப்எம் போட்டுப் பார்த்தேன், அப்புறம் பி-எம், அப்புறம் பிரவுசரிலேயே ஓடும் ஜேஎஸ்பீப். மூன்றிலும் அதே வரி, அதே பிழை. பிபிசிக்கு உண்மையிலேயே நம்பகமான எமுலேட்டர் எது? பல பழைய மெஷின்களுக்கும் பொதுவான மேம் எமுலேட்டர் போட்டால் சரியாகுமா? இன்னொரு சின்னத் தொல்லை, ஒன்றில் ஷிஃப்ட் 8 அழுத்தினால் ஸ்டாருக்கு (*) பதில் அடைப்புக்குறி விழுகிறது. ஊருக்குப் போகும்போது பெரியம்மாவுக்கு ஓட்டிக் காட்ட ஆசை, உதவுங்கள்.

ரெட்ரோ பையன்:
டிஸ்க் இமேஜ் கெட்டுப்போயிருக்கும் ப்ரோ. பழைய பிளாப்பி, பூஞ்சை பிடித்திருக்கும். மறுபடி எடுக்கச் சொல்லுங்க.

மோட்7:
இமேஜில் கோளாறு இல்லை என்றுதான் தோன்றுகிறது. 40 ட்ராக், ட்ராக்குக்கு 10 செக்டர், செக்டருக்கு 256 பைட், பெருக்கினால் அதே 102400. லிஸ்டும் முழுசாக வருகிறது. தயவுசெய்து அந்த பிளாப்பியை மறுபடி டிரைவில் போட்டுத் தேய்க்க வேண்டாம், அந்த வயதுள்ள பிளாப்பியை ஒவ்வொரு முறை படிக்கும்போதும் மேல்பூச்சு உரிய வாய்ப்பு இருக்கிறது.

மூன்று எமுலேட்டரும் ஒரே இடத்தில் ஒரே பிழையைக் காட்டுகிறது என்றால் மூன்றும் சரியாக வேலை செய்கின்றன. நிஜ மாடல் பி-யில் டிஸ்க்கோடு ஓட்டினாலும் இதேதான் நடக்கும். காரணம் நினைவகம். மாடல் பி-யில் மொத்தமே 32 கேபி ரேம், அதிலிருந்துதான் திரைக்கும் எடுக்க வேண்டும். மோட் 7 வெறும் 1 கேபி கேட்கும். மோட் 1-க்கு 320க்கு 256 புள்ளி, 4 நிறம், 20 கேபி போய்விடும். அப்போது திரை 12288-ஆவது பைட்டில் தொடங்கும், உங்கள் புரோகிராமும் அதன் மாறிகளும் அதற்குக் கீழே அடங்க வேண்டும். டிஸ்க் பொருத்திய மெஷினில் பேசிக் புரோகிராம் தொடங்கும் இடம், அதாவது பேஜ், 6400. மிச்சம் 5888 பைட்தான். புரோகிராம் அதைவிடப் பெரியதாக இருந்தால் மோட் 7-ல் லோடு ஆகும், லிஸ்ட் ஆகும், மோட் 1-க்கு மாறும் வரியில் 'பேட் மோட்' என்று நிற்கும்.

டாப் என்பது புரோகிராம் முடியும் இடம். லோடு செய்த பிறகு பிரிண்ட் டாப் கழித்தல் பேஜ் என்று கொடுத்தால் புரோகிராமின் அளவு வரும், என்ன எண் என்று சொல்லுங்கள்.

ஸ்டார் விஷயம்: பிபிசி கீபோர்டில் ஸ்டார் இருப்பது முக்காற்புள்ளி விசையில், ஷிஃப்ட் 8 என்றால் அங்கே அடைப்புக்குறிதான். விசைகளை இடம் பார்த்துப் பொருத்தும் அமைப்பில் இருக்கிறீர்கள், அதனால் நம் கீபோர்டில் அரைப்புள்ளிக்கு வலப்பக்கம் உள்ள மேற்கோள் விசையை ஷிஃப்டோடு அழுத்திப் பாருங்கள். தட்டச்சு செய்ய வசதி வேண்டுமானால் பீப்எம்-இல் லாஜிக்கல் மேப்பிங், ஜேஎஸ்பீப்-இல் நேச்சுரல் என்று மாற்றிக்கொள்ளலாம். கேம் விளையாடும்போது மட்டும் பழைய இடப் பொருத்தமே நல்லது.

பொன்மலை:
சார், 7424 வருகிறது. ஸ்டாரும் இப்போது விழுகிறது, நன்றி. ஆனால் ஒன்று புரியவில்லை, இடமே போதாது என்றால் பெரியம்மா அன்றைக்கு எப்படி வகுப்பில் ஓட்டினார்?

மோட்7:
கேசட்டில் ஓட்டியிருப்பார். டிஸ்க் ஃபைலிங் சிஸ்டம் தன் வேலைக்காக 2816 பைட்டை எடுத்துக்கொள்ளும். அது இல்லாத மெஷினில் பேஜ் 3584-லேயே தொடங்கும். 3584-ஓடு 7424 சேர்த்தால் 11008, திரை தொடங்கும் 12288-க்கு இன்னும் 1280 பைட் பாக்கி. மாறிகளுக்கு அது போதும், கச்சிதமாகக் கணக்குப் போட்டு எழுதியிருக்கிறார். பிறகு யாரோ கேசட்டிலிருந்து பிளாப்பிக்கு நகல் எடுத்திருக்க வேண்டும்.

அந்தக் காலத்தில் எல்லோரும் செய்த வழி இது: டிஸ்க்கிலிருந்து லோடு செய்துவிட்டு, ஸ்டார் டேப் கொடுத்து டிஸ்க்கை விலக்கி, புரோகிராமை அப்படியே கீழே இறக்குவது. ஃபார் லூப்பில் ஐ% 0-விலிருந்து டாப் கழித்தல் பேஜ் வரை, ஸ்டெப் 4, ஒவ்வொரு சுற்றிலும் ஐ%!பேஜ்-இன் மதிப்பை ஐ%!3584-இல் போடுங்கள், ஆச்சரியக்குறி நான்கு பைட்டை ஒன்றாக எடுத்துப் போடும். முடிந்ததும் பேஜ் = 3584, ஓல்ட், ரன். மாறியில் சதவீதக் குறி கட்டாயம் வேண்டும். ஏ% முதல் இசட்% வரை உள்ள இருபத்தாறு மாறிகளுக்கும் புரோகிராமுக்கு வெளியே தனி இடம் உண்டு, அதனால் நகர்த்தும்போது ஒன்றும் கலையாது.

பொன்மலை:
படம் வந்துவிட்டது சார்! முக்கோணம் சிவப்பில், கோணம் மஞ்சளில். ஆனால் கேள்வி பகுதிக்குப் போனதும் 'சர்ச்சிங்' என்று காட்டிவிட்டு அப்படியே நிற்கிறது. பெரியம்மாவுக்குப் போன் போட்டேன், முதலில் கேசட்டில்தான் இருந்ததாம், டிஸ்க் டிரைவ் வந்த பிறகு வேறொரு ஆசிரியர் மாற்றிக் கொடுத்தாராம்.

மோட்7:
கேள்விகள் தனி டேட்டா கோப்பில் இருக்கின்றன. ஸ்டார் டேப் கொடுத்துவிட்டதால் புரோகிராம் அந்தக் கோப்பை டேப்பில் தேடுகிறது, அங்கே டேப் ஏது. புரோகிராமை இறக்கி வைத்த இடமும் டிஸ்க்கின் வேலையிடம்தான், அதனால் டிஸ்க்குக்குத் திரும்பினால் இரண்டும் மோதும். ஆக உங்கள் விஷயத்துக்கு இந்த வழி பாதிதான் உதவும்.

எமுலேட்டரை மாற்ற வேண்டாம், அது காட்டும் மெஷினை மாற்றுங்கள். அமைப்பில் மாடல் பி-க்குப் பதில் அதற்குப் பின் வந்த மாஸ்டர் 128 தேர்ந்தெடுங்கள். பி பிளஸ் வேண்டாம், அதிலும் டிஸ்க்கோடு பேஜ் 6400தான். மாஸ்டரில் டிஸ்க்கின் வேலையிடம் வேறு ரேமில் இருப்பதால் டிஸ்க் இருந்தும் பேஜ் 3584. தொடங்கியதும் ஸ்டார் டிஸ்க் என்று ஒருமுறை கொடுத்துவிட்டு, பிறகு வழக்கம்போல் செயின், அது புரோகிராமை லோடு செய்து ஓட்டிவிடும். இன்னும் இடம் வேண்டுமென்றால் அதற்கு முன் ஸ்டார் ஷேடோ கொடுங்கள், திரை நினைவகமே தனி ரேமுக்குப் போய்விடும், புரோகிராமுக்கு 32768 வரை தாராளமாகக் கிடைக்கும். திரை நினைவகத்தில் நேரடியாக எழுதும் புரோகிராம்கள் ஷேடோவில் குழம்பும், பெரியம்மா மூவ், டிரா, பிளாட் மட்டும் வைத்து எழுதியிருந்தால் பயமில்லை.

6502 ரசிகன்:
நல்ல இழை. ஒரு சந்தேகம், அப்படியானால் எந்த எமுலேட்டர் எடுத்தாலும் ஒன்றுதானா?

மோட்7:
பேசிக் புரோகிராமுக்கு ஏறக்குறைய ஒன்றுதான். கேம், டெமோ பக்கம் போனால்தான் வித்தியாசம் தெரியும். 1984-ல் ஏக்கார்ன்சாஃப்ட் வெளியிட்ட எலைட்டை எடுத்துக்கொள்ளுங்கள். திரையின் மேல் பகுதி கூர்மையான இருநிறப் படம், கீழே ரேடார் பகுதி அகலமான புள்ளிகளில் நான்கு நிறம். ஒரே திரையில் இரண்டு மோட். ஒவ்வொரு ஃபிரேமிலும், நொடிக்கு 50 முறை, 6522 சிப்பின் டைமர் சரியான நேரத்தில் தட்டி எழுப்ப, புரோகிராம் நடுவிலேயே வீடியோ அமைப்பை மாற்றுகிறது. ஃபிரேம் முழுவதையும் கடைசியில் ஒரே தடவையாக வரையும் எமுலேட்டரில் இது வராது. இன்றைக்கு நாம் பேசும் எமுலேட்டர்கள் எல்லாமே எலைட்டைச் சரியாகக் காட்டும், அதைவிட நுணுக்கமான டெமோக்களில்தான் போட்டி.

என் பழக்கம் இப்படி. பீப்எம் 1994-ல் யூனிக்ஸுக்காகத் தொடங்கியது, விண்டோஸில் மெனுவுக்குள் எல்லாம் கிடைக்கும், பிபிசி மைக்ரோக்களை இணைத்த ஈகோநெட் நெட்வொர்க்கையும் போலச் செய்யும், புதிதாக வருபவருக்கு அதைத்தான் சொல்வேன். இரண்டாம் பிராசஸர் வைத்துப் பார்க்க ஆசை இருந்தால் பி-எம், அதில் இசட்80, ஏஆர்எம் என்று பல உண்டு. நானே உட்கார்ந்து கோட் எழுதும்போது திறப்பது பி2, அதன் டீபக்கர் அருமை, திரையில் ஓடும் லிஸ்டை அப்படியே எழுத்தாக நகல் எடுத்துக்கொள்ளலாம். பொன்மலை, இதை நீங்கள் கட்டாயம் செய்யுங்கள், பெரியம்மாவின் புரோகிராம் ஒரு சாதாரண எழுத்துக் கோப்பாகவும் உங்களிடம் இருக்கட்டும். மேம் எல்லா வகை பிபிசியையும் கவனமாகச் செய்திருக்கிறது, ஆனால் மெஷினின் சிப்பிலிருந்து எடுத்த ரோம் கோப்புகளைச் சரியாகச் சேர்த்து வைக்கவே பொறுமை வேண்டும், ஒரு பாடத்தை ஓட்டிக் காட்ட அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை.

ஊருக்குக் கொண்டுபோவது என்றால் ஜேஎஸ்பீப். கம்பைலர் எக்ஸ்ப்ளோரர் செய்த மேட் காட்போல்ட் எழுதியது. எதுவும் நிறுவ வேண்டாம், யார் வீட்டு லேப்டாப்பிலும் பிரவுசரைத் திறந்து எஸ்எஸ்டி கோப்பைக் கொடுத்தால் போதும்.

பொன்மலை:
ஜேஎஸ்பீப், மாஸ்டர் 128, ஸ்டார் டிஸ்க், செயின். கேள்வி பகுதியும் ஓடுகிறது, ஷேடோ தேவைப்படவில்லை. ரொம்ப நன்றி சார். பீப்எம்-இலும் இதே அமைப்பில் ஓடுகிறது, ஆனால் அதில் ஒரு கேள்வியைத் திருத்தி சேவ் கொடுத்தால் 'டிஸ்க் ரீட் ஒன்லி' என்கிறது.

மோட்7:
பீப்எம் டிஸ்க் இமேஜை எழுதவிடாமல் பூட்டித்தான் திறக்கும். முதலில் அந்த எஸ்எஸ்டி கோப்புக்கு வேறு பெயரில் ஒரு நகல் எடுத்துவிட்டு, நகலைத் திறந்து, ஃபைல் மெனுவில் டிரைவ் 0-வின் ரைட் புரொடெக்ட் டிக்கை எடுத்துவிடுங்கள். மூலக் கோப்பைத் தொடவே வேண்டாம்.