கதையில் "ஃப்ளறீஸ்" என்று எழுதலாமா?

வன்னிக்காற்று:
என் சிறுகதையில், கனடாவின் ஸ்காபரோவில் பஸ்ஸுக்கு நிற்கிற பெண் "ஃப்ளறீஸ்தான், நிண்டிடும்" என்கிறாள். ஆங்கில வானிலை அறிக்கையில் லேசாக விழுகிற ஸ்னோவுக்கு வருகிற சொல் (flurries) அது. வாசித்த ஒருவர் அதை வெட்டிவிட்டு "பனிப்பொழிவு" என்று போடச் சொன்னார். எனக்கு மனம் ஒப்பவில்லை. பனிப்பொழிவு என்றால் ஷவல் எடுத்து வாசலை வழிக்க வேண்டும். அவள் தோளில் விழுந்ததோ தட்டினால் போய்விடும்.

நல்லூரான்:
தங்கச்சி, வெட்டச் சொன்னதில் பிழையில்லை. ஊரில் இருந்து வாசிக்கிற என்ர அம்மாவுக்கு ஃப்ளறீஸ் விளங்காது. தூறல், சாரல், தூவானம், துமி என்று மழைக்கு எத்தனை சொல் வைத்திருக்கிறம்! மழை துமிக்குது என்கிறம். பனி துமிக்குது என்று எழுத என்ன தடை?

மதுரைக்காரி:
தடை "பனி"தான் அண்ணா. எங்களுக்குப் பனின்னா மார்கழிக் காலையில புல்லு நுனியில நிக்கிற ஈரம். ஊட்டியில புல்லு வெளுத்தா அது உறைபனி. "பனி துமிக்குது"ன்னு படிச்சா வானத்துலேர்ந்து வெள்ளையா ஏதோ விழுதுன்னே தோணாது. ஆனா ஃப்ளறீஸும் எனக்குப் புரியலை அக்கா, கேட்டுத்தான் தெரிஞ்சுக்கிட்டேன்.

லொறிக்காரன்:
நான் கனடாவிலிருந்து எல்லை தாண்டி அமெரிக்காவின் பஃபலோவுக்கு லோட் கொண்டுபோறவன். அமெரிக்க வானிலைச் சேவை ஃப்ளறீஸ் என்றால் நிலத்தில் சேராது, மிஞ்சினால் மா தூவினதுபோல ஒரு பூச்சு. கனடா அறிக்கையில் அதே சொல்லுக்குப் பக்கத்தில் "2 செ.மீ." என்றும் வரும், விட்டுவிட்டுப் பெய்வது என்றுதான் இங்கே கருத்து. எல்லை தாண்டினால் ஆங்கிலத்துக்குள்ளேயே பொருள் மாறுது. கனடாவின் பிரெஞ்சு அறிக்கை அந்தச் சொல்லைத் தொடவே இல்லை. "அவேர்ஸ் து நேஜ்" என்கிறது. அவேர்ஸ் என்றால் சட்டென்று பெய்து ஓய்கிற மழை.

நல்லூரான்:
இதைத்தான் நானும் சொல்லுறன். மழைச்சொல்லைப் பனிக்குக் கொடுக்க அவர்கள் கூச்சப்படவில்லை.

வன்னிக்காற்று:
அண்ணை, கதை சொல்லுகிற என் குரலுக்கு அதை எடுத்துக்கொள்கிறேன். அவள் வாய்க்கு முடியாது. பத்து வருடமாகக் காலையில் வானிலை பார்த்துவிட்டு வேலைக்குப் போகிறவள் "பனித்துமி" என்று சொன்னால் அது அவள் இல்லை. மதுரைத் தங்கச்சிக்காக இப்படி மாற்றினேன்:

"ஃப்ளறீஸ்தான், நிண்டிடும்" என்றாள். வெண்பனி துமித்தது. கறுப்பு ஜாக்கெட்டின் கையில் ஒன்று விழுந்து, ஆறு முனையும் தெரிய ஒரு கணம் இருந்து, நீரானது.

மதுரைக்காரி:
இப்ப கண்ணுல தெரியுது அக்கா.

நல்லூரான்:
"வெண்பனி துமித்தது" அருமை. அந்த ஃப்ளறீஸை மட்டும் நான் இன்னும் ஒப்பமாட்டன்.