தியானம் இல்லாத தற்காப்புக் கலை வெறும் அடிதடிதானா?

வெள்ளைப்பட்டை:
வகுப்பின் தொடக்கத்தில் வணங்குவதும் கண்மூடி உட்காருவதும் நேர விரயம் என்று பலர் சொல்கிறார்கள். எனக்கு அதில் துளியும் உடன்பாடில்லை. கழுத்தை நெரிக்கவும் மூட்டை மடக்கவும் கற்றுத் தருகிற இடத்திலேயே, அந்தக் கையை எப்போது அடக்குவது என்றும் கற்றுத் தர வேண்டும். 1882-ல் ஜப்பானில் ஜூடோ என்ற மல்லுக்கட்டும் கலையைத் தொடங்கிய ஜிகோரோ கானோ, மோதுகிற இருவரும் சேர்ந்து வளர வேண்டும் என்பதையே கலையின் கொள்கையாக வைத்தார்.

மூன்றாம்சுற்று:
அடக்கம் வேண்டும், சரி. ஆனால் ஆன்மிகம் என்ற பெயரில் பெரும்பாலும் வருவது "கேள்வி கேட்காதே" என்ற கட்டளைதான். 1900-ல் சீனாவில் அந்நியரை எதிர்த்த பாக்ஸர் கிளர்ச்சிக்காரர்கள், சடங்கு செய்தால் தோட்டா துளைக்காது என்று நம்பிப் போய்ச் செத்தார்கள். 2017-ல் கலப்புச் சண்டை வீரர் ஷூ ஷியாவ்துங் தைச்சி என்ற மென்மையான அசைவுகள் கொண்ட சீனக் கலையின் ஆசிரியர் ஒருவரை அரை நிமிடத்துக்குள் வீழ்த்தினார். எதிர்க்காத மாணவனிடம் மட்டும் பலிக்கிற சக்தி யாரைக் காப்பாற்றும்? அதை நம்பித் தெருவில் நிற்கிறவன் உயிரையல்லவா விடுவான்?

வெள்ளைப்பட்டை:
அவை மோசடிக்கும் மூடநம்பிக்கைக்கும் உதாரணங்கள், தியானத்துக்கு அல்ல. மூச்சை மெதுவாக வெளிவிட்டால் இதயத் துடிப்பு தணிகிறது. பதற்றத்தில் கற்றதெல்லாம் மறந்துபோகிறவனுக்கு அது பெரிய ஆயுதம். அப்புறம், வெற்றிதான் ஒரே அளவுகோல் என்றால் அறுபது வயதுக்காரர் எதற்காகப் பயிற்சிக்கு வர வேண்டும்?

காற்றாடி:
கானோ பெயரைச் சொன்னீர்கள், அவர் செய்த இன்னொன்றையும் சொல்லுங்கள். ஆபத்தான அடிகளைக் கட்டா என்கிற வரிசைப் பயிற்சிக்கு ஒதுக்கிவிட்டு, மற்றதையெல்லாம் ராண்டோரி என்கிற மோதல் பயிற்சியில், முழு பலத்தோடு எதிர்க்கிற ஆளிடம் பழக வைத்தார். கொல்லக்கூடிய அடியை யாரும் முழு வேகத்தில் பழக முடியாது. எறிதலையும் பிடியையும் தினமும் பழகலாம். ஜூடோ உயிரோடு இருப்பதற்கு அந்தப் பிரிப்புதான் காரணம் என்பேன். வணங்கிவிட்டுத்தான் மோதினார்கள். மரபு இருந்தது, சோதனையும் இருந்தது.

மூன்றாம்சுற்று:
மூச்சுப் பயிற்சியை நான் மறுக்கவே இல்லை, நானும் செய்கிறேன். வயதானவர் உடல்நலத்துக்காக வரலாம், தாராளமாக. அவரிடம் "இது சண்டைக்கும் உதவும்" என்று சொல்லிப் பணம் வாங்காதீர்கள்.

வெள்ளைப்பட்டை:
அதில் எனக்கும் மாற்றுக் கருத்தில்லை. ஆனால் வணக்கத்தை எடுத்துவிட்டால் முதலில் கெடுவது மோதல் பயிற்சிதான். எதிரே நிற்பவனை மதிக்காதவன், அவன் கையால் தட்டித் தோல்வியை ஒப்புக்கொண்ட பிறகும் பிடியைத் தளர்த்த மாட்டான்.

மூன்றாம்சுற்று:
தட்டியதும் விட வேண்டும் என்பது விதி. மீறினால் வெளியே அனுப்புங்கள், தியானம் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள்.