மறு: ஏரோஸ், ஃபிலியா, ஸ்டோர்கே, அகாப்பே: தமிழில் எப்படிச் சொல்வது?

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

மெய்யியல் பாடநூலுக்காக நான்கு கிரேக்கச் சொற்களுக்குத் தமிழ் கேட்டு வந்த மடலையும் அதற்கு வந்த பதில்களையும் நேற்றிரவு ஒரே மூச்சில் படித்தேன். பலரும் ஆமோதித்திருக்கும் பட்டியல் இது:

> ஏரோஸ் – பாலுணர்வு அன்பு
> ஃபிலியா – நட்பு அன்பு
> ஸ்டோர்கே – குடும்ப அன்பு
> அகாப்பே – தெய்விக அன்பு

இதை ஏற்க எனக்கு மனம் வரவில்லை. ஆங்கிலத்தில் இந்த நான்குக்கும் பெரும்பாலும் ஒரே சொல்லைத்தான் ஆள்கிறார்கள். அதனால் ஒவ்வொன்றின் முன்னாலும் ஓர் அடைமொழியை ஒட்டிப் பிரித்துக் காட்டுகிறார்கள். அது அவர்களுடைய நெருக்கடி. கிரேக்கனுக்கு இவை ஒரே பொருளின் நான்கு வகைகள் அல்ல, தனித்தனிச் சொற்கள். தமிழனுக்கும் அப்படித்தான். தாய்க்குப் பிள்ளைமேல் இருப்பதை யாரும் 'குடும்ப அன்பு' என்று சொல்லிக் கேட்டதில்லை.

ஏரோஸிலிருந்து தொடங்குகிறேன். 'காமம்' என்றார் ஒருவர், 'காதல்' என்றார் இன்னொருவர். வள்ளுவர் காலத்துக் காமம் பரந்த சொல்தான். இன்று அது சுருங்கிவிட்டது, வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் தலையைக் குனிந்துகொள்வார்கள். காதலோ இருவருக்கு இடையில் நின்றுவிடுகிறது. பிளேட்டோவின் 'விருந்து' என்ற உரையாடல் நூலில் தியோதிமா என்ற ஞானப் பெண் சொல்லும் ஏரோஸ் அங்கே நிற்பதில்லை. அழகிய ஓர் உடலில் தொடங்கி, அழகிய உள்ளங்கள், அறிவு என்று படிப்படியாக ஏறி, அழகு என்பதன்மீதே போய் முடிகிறது. அந்த ஏரோஸ் வறுமைக்குப் பிறந்த பிள்ளை, தன்னிடம் இல்லாததைத் தேடி அலைபவன். இல்லாமையும் தேடலும் சேர்ந்த சொல் நம்மிடம் இருக்கிறது: வேட்கை. நீர்வேட்கை என்கிறோம், அறிவு வேட்கை என்கிறோம், விடுதலை வேட்கை என்கிறோம். களவியலில் தலைமக்களின் நிலைகளை அடுக்கும் தொல்காப்பியர் முதலில் வைப்பதும் வேட்கையைத்தான். இதைவிட எனக்கு மகிழ்ச்சி தந்தது ஒன்று. ஏரோஸ் ஓர் உணர்ச்சியின் பெயர் மட்டுமல்ல, தெய்வத்தின் பெயரும்கூட. வேட்கைக்கு வேரான 'வேள்' என்பதும் விரும்புதலைக் குறிக்கும் வினையாகவும் மன்மதனின் பெயராகவும் நிற்கிறது. இப்படி ஒரு பொருத்தம் கலைச்சொல் வேலையில் அபூர்வமாகத்தான் வாய்க்கும்.

அடுத்தது ஃபிலியா. 'நட்பு' என்று போட்டுவிட்டால் பாடநூலின் அந்த இயல் முழுவதும் குழம்பிவிடும். அரிஸ்டாட்டில் நிக்கோமாக்கிய அறவியலின் 8, 9 ஆம் நூல்களை இதற்கே ஒதுக்குகிறார். பயனுக்காக, இன்பத்துக்காக, நற்பண்புக்காக என மூன்றாகப் பிரிக்கிறார். அவருடைய ஃபிலியாவுக்குள் தோழர்கள் மட்டும் இல்லை. தாயும் பிள்ளையும், கணவனும் மனைவியும், ஒரே கப்பலில் போகிறவர்களும், ஒரே நகரத்துக் குடிகளும் இருக்கிறார்கள். தாய்க்கும் கைக்குழந்தைக்கும் 'நட்பு' என்று தமிழில் எழுதிப் பாருங்கள், இடிக்கும்.

நான் முன்வைப்பது 'கேண்மை'. இதன் அடியான 'கேள்' உறவினரையும் குறிக்கும், நண்பரையும் குறிக்கும், கணவனையும் குறிக்கும். யாவரும் கேளிர் என்று கணியன் பூங்குன்றனார் சொன்னபோது ஊர் முழுவதையும் அந்தச் சொல்லுக்குள் கொண்டுவந்துவிட்டார். ஹோமரில் 'ஃபிலோஸ்' என்பதும் 'அன்புக்குரிய' என்பதோடு 'தன்னுடைய' என்ற பொருளிலும் வருகிறது. என் கை, என் நெஞ்சு, என் மனிதர்கள். கேளிர் என்பதில் ஒலிப்பதும் அதே 'என்'தான்.

கேண்மை பழஞ்சொல், மாணவருக்குப் புரியாது என்று ஒருவர் எழுதியிருந்தார். நியாயமான கவலை. ஆனால் நிறைநீர நீரவர் கேண்மை என்ற குறளை அவர்கள் படித்திருக்கக்கூடும். அந்தக் குறளிலேயே அறிவுடையாரின் தொடர்புக்குக் கேண்மையும் பேதையரின் தொடர்புக்கு நட்பும் வருவதை ஆசிரியர் காட்டினால் போதும். 'நேயம்' என்ற மாற்றும் வந்தது. அது தனிச்சொல்லாக மெலிந்து, மனிதநேயம் என்பதுபோல ஒட்டுச்சொல்லாகவே இன்று வாழ்கிறது. அதன் வடமொழி வேர் எனக்குத் தடையில்லை, பொருள்தான் போதவில்லை.

ஸ்டோர்கேக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை: பாசம். சைவ சித்தாந்தத்தில் பாசம் என்றால் உயிரைக் கட்டும் தளை என்று ஐயா ஒருவர் எச்சரித்திருந்தார். உண்மைதான். ஆனாலும் ஈன்ற பசு, நனைந்து நடுங்கும் கன்றை முதுகிலிருந்து காதுவரை விடாமல் நக்கிக்கொடுப்பதைப் பார்த்துக்கொண்டு நிற்கும் எவரும் வேறு சொல்லைத் தேடமாட்டார்கள். அது தேர்ந்தெடுத்து வருவதில்லை, பிறப்போடு வருவது. கட்டு என்ற பழம்பொருள்கூட இங்கே உதவியே செய்கிறது. எதிர்மறையையும் சோதித்தேன். புதிய ஏற்பாட்டில் வரும் 'அஸ்டோர்கோய்' என்பதைத் தமிழ் வேதாகமம் 'சுபாவ அன்பில்லாதவர்கள்' என்கிறது. 'பாசமற்றவர்கள்' என்றால் இன்றைக்கு யாருக்கும் உடனே புரியும்.

அகாப்பேயில்தான் குழுவில் சூடு ஏறியது. 'அருள்' என்று சொன்னவர்களின் வாதம் வலுவானது. அருளென்னும் அன்பீன் குழவி என்பது குறள். தொடர்புடையவர்மேல் செல்வது அன்பு, தொடர்பு நோக்காமல் எல்லா உயிர்மேலும் செல்வது அருள் என்பது உரைமரபு. நானும் இரண்டு நாள் அருளின் பக்கமே இருந்தேன். பிறகு வாக்கியத்தில் வைத்துப் பார்த்தேன். கடவுள் மனிதனுக்கு அருளலாம். மனிதன் கடவுளுக்கு அருள முடியுமா? அருள் மேலிருந்து கீழே மட்டும் பாய்கிறது. அகாப்பே மேலே போகிறது, கீழே வருகிறது, அயலானிடமும் போகிறது.

'தெய்விக அன்பு' என்பதும் தவறு. எபிரேய வேதத்தின் பழைய கிரேக்க மொழிபெயர்ப்பில், தாமார்மேல் அம்னோன் கொண்ட இழிந்த இச்சைக்கும் இதே சொல்தான் வருகிறது (2 சாமுவேல் 13). உன்னதப்பாட்டிலும் இதே சொல். பவுலும் யோவானும் கையாண்ட பிறகுதான் அதற்கு அந்த உயரம் வந்தது. ஆக, பொதுச்சொல் ஒன்று பயன்பாட்டால் ஏற்றம் பெற்றது. நம்மிடமும் அப்படி ஒரு பொதுச்சொல் இருக்கிறதே, அடைமொழி வேண்டாத 'அன்பு'!

இதைத் தமிழ் வேதாகமம் முன்பே செய்திருக்கிறது. அம்மாவின் பழைய பிரதியை எடுத்து யோவான் 21ஐப் பார்த்தேன். பழுப்பேறிய பக்கத்தில், 15ஆம் வசனத்துக்குக் கீழே அம்மா பென்சிலால் இழுத்த கோடு இன்னும் இருக்கிறது. கிரேக்கத்தில் இயேசு அகாப்பேயின் வினையால் கேட்கிறார், பேதுரு ஃபிலியாவின் வினையால் பதில் சொல்கிறான். தமிழில் 'அன்பாயிருக்கிறாயா' என்று கேள்வி, 'நேசிக்கிறேன்' என்று பதில். மூன்றாம் முறை இயேசுவே பேதுருவின் சொல்லுக்கு இறங்கி வந்து 'நேசிக்கிறாயா' என்கிறார். தமிழும் உடன் இறங்குகிறது. இந்த மாற்றத்துக்குப் பொருள் உண்டா, வெறும் நடைதானா என்பதில் அறிஞர்கள் ஒன்றுபடவில்லை. பிதா குமாரன்மேல் கொண்ட அன்புக்கு யோவான் இரண்டு வினைகளையுமே ஆண்டிருக்கிறார் (3:35, 5:20). எப்படியானாலும் சொல் மாறுவதை வாசகருக்குக் காட்டிவிட்டார்கள், அது பெரிய வேலை.

பட்டியலில் பின்னர் சேர்க்கப்பட்ட லூடஸ் (விளையாட்டுக் காதல்), பிரக்மா (நடைமுறை பார்க்கும் காதல்) இரண்டையும் இந்த இயலில் இருந்து எடுத்துவிடலாம். லூடஸ் கிரேக்கமே அல்ல, லத்தீன். பிரக்மா என்றால் பண்டைய கிரேக்கத்தில் செயல், காரியம் என்றுதான் பொருள். இவற்றைக் காதல் வகைகளாக்கியது 1973இல் வந்த ஜான் ஆலன் லீயின் உளவியல் வகைப்பாடு.

தன்மீதே கொள்ளும் அன்பைக் குறிக்கும் ஃபிலௌத்தியா மட்டும் இருக்கட்டும். அதற்குத் 'தற்காதல்' போதும். நல்லவன் தன்னை நேசிக்கத்தான் வேண்டும் என்று அரிஸ்டாட்டில் 9ஆம் நூலில் வாதிடுகிறார். தன்னைத்தான் காதலன் ஆயின் தீவினையின் பக்கமே போகாதே என்கிறது 209ஆம் குறள். இரண்டையும் ஒரே பக்கத்தில் அச்சிட வேண்டும் என்பது என் ஆசை.

ஆக: வேட்கை, கேண்மை, பாசம், அன்பு. சோதனைக்காக அரிஸ்டாட்டிலின் ஓர் இடத்தை எழுதிப் பார்த்தேன்: 'கேண்மைக்குக் காலமும் பழக்கமும் வேண்டும், பழமொழி சொல்வதுபோல, சேர்ந்து உப்பைத் தின்று தீர்க்கும்வரை ஒருவரை ஒருவர் அறிந்துகொள்ள முடியாது.' உப்பிட்டவரை நினைக்கச் சொன்ன மொழியில் இது நன்றாகவே உட்காருகிறது.

எனக்குப் பிடிபடாதது ஒன்று பாக்கி. ரோமர் 12:10இல் ஃபிலியாவும் ஸ்டோர்கேயும் ஒட்டிய 'ஃபிலொஸ்டோர்கோய்' வருகிறது. தமிழில் 'பட்சமாயிருங்கள்' என்று இருக்கிறது. 'அவ என்மேல ரொம்பப் பட்சமா இருப்பா' என்று அம்மா சொல்வார். என் பிள்ளைகளுக்கு அந்தச் சொல் தெரியாது. பட்சத்தையே மீட்கலாமா, வேறு சொல் உண்டா? திருநெல்வேலிப் பக்கமும் யாழ்ப்பாணத்திலும் இருக்கும் உறுப்பினர்கள், உங்கள் வீட்டில் பெரியவர்களிடம் கேட்டு எழுதுங்கள்.