சரிவான ரோட்டில் ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350 பைக்கை எப்படி நிறுத்துவது?

குன்னூர்க்காரன்:
வீட்டு வாசல் ரோடு நல்ல இறக்கம், ஓரம் மண். இறக்கத்தைப் பார்த்து சைடு ஸ்டாண்டு போட்டால் வண்டி மெல்ல முன்னே நகர்கிறது. மழை பெய்தால் ஸ்டாண்டு மண்ணில் இறங்கிவிடுகிறது. சென்டர் ஸ்டாண்டு போட்டால் சரியாகுமா?

ஸ்பேனர்:
சரிவில் சென்டர் ஸ்டாண்டு வேண்டவே வேண்டாம். இரண்டு ஸ்டாண்டுமே பின்பக்கமாக மடங்குபவை. வண்டி முன்னே கொஞ்சம் உருண்டாலும் ஸ்டாண்டு மடங்கி 195 கிலோவும் தரையில் கிடக்கும். முன்சக்கரம் மேட்டைப் பார்க்கும்படி திருப்புங்கள். பின்னால் நகரப் பார்த்தாலும் சைடு ஸ்டாண்டு அதன் தடுப்பில் போய் முட்டி நிற்கும்.

இன்ஜினை அணைத்து முதல் கியர் போட்டு கிளட்சை விடுங்கள். பிரேக்கை மெதுவாகத் தளர்த்தினால் வண்டி லேசாகப் பின்வாங்கி கியரில் பிடித்துக்கொள்ளும். அதன் பிறகுதான் ஸ்டாண்டு. கடைசியாக ஹேண்டில்பாரை இடப்பக்கம் முழுக்கத் திருப்பிப் பூட்டுங்கள். நியூட்ரலில் விட்டால் இத்தனையும் வீண்.

குன்னூர்க்காரன்:
அதே ஓரத்தில் திருப்பினால் ரோட்டின் நடு மேடு இடப்பக்கம் வந்துவிடுகிறது. வண்டி கிட்டத்தட்ட நேராக நிற்கிறது.

ஸ்பேனர்:
ஆபத்து அதுதான். யாராவது உரசினாலே வலப்பக்கம் விழும், அந்தப் பக்கம் தாங்க ஒன்றுமில்லை. எதிர் ஓரத்துக்குப் போங்கள். அங்கே மேட்டைப் பார்த்து நின்றால் பள்ளம் இடப்பக்கம் வரும். முடியாவிட்டால் ஸ்டாண்டு ஊன்றும் இடத்தில் மண்ணை ஓர் அங்குலம் சுரண்டி, கையகலக் கடப்பாக்கல் துண்டைப் பதித்துவிடுங்கள். டைல்ஸ் துண்டு வேண்டாம், உடையும். கல்லின் மேல்மட்டம் தரையைவிட உயரக் கூடாது. உயர்ந்தால் வண்டி இன்னும் நிமிரும்.

பழைய ட்யூப்:
சைக்கிள் ட்யூபில் வளையம் வெட்டி, முன் பிரேக் லீவரை அழுத்திப் பிடித்து கிரிப்போடு சேர்த்து மாட்டலாம். கடைக்குப் போய்வரும் நேரத்துக்குச் சரி. ராத்திரி முழுக்க அதை நம்பாதீர்கள், ரப்பர் தளரும்.

பின்சீட்டில் மூட்டை கட்டினால் நின்ற நிலையை மறுபடி பாருங்கள். பின் சஸ்பென்ஷன் அமுங்கும்போது ஸ்டாண்டு நீளமானது போலாகி வண்டி நிமிரும். வழக்கத்தைவிட அதிகமாகச் சாய்ந்தால் முதலில் டயர் காற்றைப் பார்க்காதீர்கள். ஸ்டாண்டு போல்ட்டை ஆட்டிப் பாருங்கள். அது தேய்ந்திருந்தாலோ ஸ்டாண்டின் கால் வளைந்திருந்தாலோ சாய்வு கூடும். ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் உடனே மாற்றுங்கள்.