டெத் மேக்னெடிக் கேட்டால் சத்தம் கிழிகிறது: கோளாறு என் ஹெட்போனிலா, ஆல்பத்திலா?

பழைய_கேசட்:

எல்லோருக்கும் வணக்கம். கல்லூரியில் படித்தபோது மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ் கேசட்டைத் தேயத் தேயக் கேட்டவன் நான். அப்புறம் வேலை, கல்யாணம், பிள்ளைகள் என்று போனதில் அதைப் பாடிய அமெரிக்க மெட்டல் குழு மெட்டாலிகாவை அப்படியே விட்டுவிட்டேன். போன மாதம் கொஞ்சம் நல்ல ஹெட்போன் ஒன்று வாங்கினேன், வீட்டில் விலையைப் பாதியாகக் குறைத்துத்தான் சொல்லியிருக்கிறேன். விட்டுப்போனதை எல்லாம் வரிசையாகக் கேட்கலாம் என்று ஆரம்பித்து, இப்போது 2008இல் வந்த டெத் மேக்னெடிக்கில் நிற்கிறேன். பாட்டெல்லாம் பிரமாதம், பழைய வேகம், பழைய சோலோ. ஆனால் டிரம்ஸ் அடி விழும் இடத்திலெல்லாம் 'கர்ர்' என்று கிழிகிறது. ஆடி மாதம் அம்மன் கோயிலில் கட்டுகிற குழாய் ஸ்பீக்கர் மாதிரி. ஒலியைக் குறைத்து வைத்தாலும் அந்தக் கிழிசல் அப்படியே இருக்கிறது. மூன்று பாட்டுக்கு மேல் போனால் தலை வலிக்கிறது. கடைக்காரரிடம் கேட்டால் பழகப் பழகச் சரியாகிவிடும் என்கிறார். ஹெட்போனைத் திருப்பிக் கொடுக்க இன்னும் நாலு நாள்தான் இருக்கிறது. யாராவது சொல்லுங்கள்.

மிக்ஸிங்_மேசை:

அண்ணா, ஹெட்போனைத் திருப்பிக் கொடுக்க வேண்டாம். கோளாறு ஆல்பத்தில்தான் இருக்கிறது, பழகினாலும் சரியாகாது.

டிஜிட்டல் ஒலிக்கு ஓர் உச்சவரம்பு உண்டு, பூஜ்ய டெசிபெல். அதைத் தாண்டி ஒரு மாத்திரைகூட மேலே போக முடியாது. நல்ல பதிவில் கிடாரும் குரலும் அதற்குக் கீழேயே ஓடிக்கொண்டிருக்கும், ஸ்னேர் என்கிற சின்ன டிரம்மின் அடி மட்டும் குபீரென்று எழுந்து உச்சத்தைத் தொட்டுவிட்டு இறங்கும். மேலே அப்படி இடம் விட்டு வைத்திருப்பதால்தான் அடி அடியாகக் கேட்கிறது. அதைவிடச் சத்தமாக வேண்டும் என்றால் மொத்தத்தையும் தூக்க வேண்டும், அப்போது ஸ்னேரின் தலை மேலே போய் இடிக்கும். படியில் நெல்லைக் கோபுரமாகக் குவித்துத் தலைதட்டுவார்களே, அதைத்தான் உச்சத்தை அமுக்குகிற லிமிட்டரும், மீறியதை வெட்டுகிற கிளிப்பிங்கும் செய்கின்றன. படி நிறைந்திருக்கும், கோபுரம் இருக்காது. அலையின் வளைந்த உச்சி தட்டையாக வெட்டப்பட்ட இடத்தில் உங்கள் காதுக்குக் கேட்பதுதான் அந்தக் 'கர்ர்'. அது கோப்புக்குள்ளேயே பதிந்துவிட்டது, அதனால்தான் ஒலியைக் குறைத்தாலும் போகவில்லை.

டைனமிக் ரேஞ்சை, அதாவது சராசரிச் சத்தத்துக்கும் உச்சத்துக்கும் உள்ள இடைவெளியை, அளக்கும் ஒரு மீட்டர் உண்டு. மெட்டாலிகாவின் கறுப்பு அட்டை ஆல்பத்தின் 1991 சிடியைப் போட்டால் 10க்கு மேல் காட்டும். டெத் மேக்னெடிக் சிடிக்கு 3. எங்கள் தொழிலில் இந்த 3 ஒரு கெட்ட வார்த்தை மாதிரி. புதிதாக வேலைக்கு வருகிற பையன்களுக்கு இந்த ஆல்பத்தின் அலைவரைபடத்தைத்தான் முதலில் காட்டுவேன். பார்த்தால் பாட்டு மாதிரியே இருக்காது, செங்கல் மாதிரி இருக்கும்.

இது எப்படி வெளியே தெரிந்தது என்பதுதான் வேடிக்கை. சிடி வந்த அன்றே கிடார் ஹீரோ என்ற வீடியோ விளையாட்டுக்கும் மொத்த ஆல்பத்தையும் கொடுத்தார்கள். அந்த விளையாட்டில் நீங்கள் ஒரு ஸ்வரத்தைத் தவறவிட்டால் கிடார் சத்தம் மட்டும் நின்றுபோக வேண்டும், அதனால் ஒவ்வொரு கருவியையும் தனித்தனி டிராக்காகத்தான் தர முடியும். அந்த டிராக்குகள் கடைசி நசுக்கலுக்குள் போகாமலே விளையாட்டுக்குப் போய்விட்டன. விளையாடிய பையன்கள், என்னடா இது சிடியைவிட நன்றாகக் கேட்கிறதே என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள், குட்டு உடைந்தது. மறுபடி மிக்ஸ் செய்து கொடுங்கள் என்று 10,000 பேருக்கு மேல் இணையத்தில் கையெழுத்துப் போட்டார்கள்.

மாஸ்டரிங், அதாவது கருவிகளைக் கலந்து முடித்த மிக்ஸுக்குக் கடைசி மெருகு போடும் வேலை, செய்தவர் நியூயார்க் ஸ்டெர்லிங் சவுண்டின் டெட் ஜென்சன். எல்லோரும் அவரைத்தான் திட்டினார்கள். பாவம், ஒரு ரசிகரின் மின்னஞ்சலுக்குப் பதில் எழுதும்போது, மிக்ஸ் என்னிடம் வரும்போதே நசுக்கப்பட்டுத்தான் வந்தது என்று சொல்லிவிட்டார். அது வெளியே பரவி அவருக்கும் சங்கடமானது.

ஆறு_தந்தி:

மேலே சொன்னதெல்லாம் சரி, ஆனால் இந்த ஆல்பம் என்றாலே எல்லோரும் சத்தத்தையே பேசிவிட்டுப் போவது எனக்கு ஆறாத கோபம். பாட்டு உண்டான கதைதான் பெரிய கதை, அண்ணன் அதைத் தவறவிட்டிருப்பார் என்பதால் கொஞ்சம் சொல்கிறேன்.

2001 ஜனவரியில் பாஸ் வாசித்த ஜேசன் நியூஸ்டெட் விலகிப் போனார். அதே வருடம் பாடகர் ஜேம்ஸ் ஹெட்ஃபீல்ட் குடியிலிருந்து மீள மறுவாழ்வு மையத்துக்குப் போய்விட்டார். திரும்பி வந்தபோது ஒரு நாளைக்கு நாலு மணி நேரம்தான் வேலை செய்வேன், நான் இல்லாதபோது நீங்களும் பாட்டைத் தொடக்கூடாது என்று நிபந்தனை வைத்தார். டிரம்ஸ் லார்ஸ் உல்ரிச்சுக்கு அது சுத்தமாகப் பிடிக்கவில்லை. மாதம் 40,000 டாலர் கொடுத்து ஓர் ஆலோசகரை வைத்துக்கொண்டு இருவரும் சண்டை போட்டார்கள், அதை ஆவணப்படமாகவும் எடுத்து 2004இல் வெளியிட்டார்கள், பார்த்தால் உங்களுக்கே சங்கடமாக இருக்கும். அந்தச் சண்டைக்கு நடுவில் வந்ததுதான் 2003 செயின்ட் ஆங்கர். சோலோ ஒன்றுகூடக் கிடையாது. சோலோ வாசிக்கிற கிடார்காரர் கிர்க் ஹாமெட்டை வைத்துக்கொண்டு சோலோ வேண்டாம் என்பது, நாதஸ்வரக்காரரைக் கூப்பிட்டு ஒத்து மட்டும் ஊதச் சொல்வது மாதிரி. ஸ்னேர் சத்தமோ பிஸ்கட் டின்.

அடுத்த ஆல்பத்துக்கு, 1991 முதல் கூடவே இருந்த தயாரிப்பாளர் பாப் ராக்கை விட்டுவிட்டு ரிக் ரூபினிடம் போனார்கள். ஸ்லேயர் என்ற மெட்டல் குழுவின் ரெயின் இன் பிளட்டைச் செய்தவர், எல்லோரும் ஓரங்கட்டிய பழைய பாடகர் ஜானி கேஷை 1994இல் ஒரு கிடாரோடு உட்கார வைத்து மறுபடி உலகத்தைத் திரும்பிப் பார்க்க வைத்தவர். அவர் இவர்களிடம் சொன்னது ரொம்பச் சாதாரணம்: நீங்கள் மெட்டாலிகா இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள், உங்களுக்கு ஹிட் பாட்டு ஒன்றுகூடக் கிடையாது, ஊர் பேர் தெரியாத குழுக்களோடு ஒரு போட்டியில் வாசிக்கப் போகிறீர்கள், அங்கே என்ன வாசிப்பீர்கள்? அப்புறம் எண்பதுகளில் நீங்கள் என்ன கேட்டுக்கொண்டு என்ன மனநிலையில் எழுதினீர்களோ அங்கே திரும்பிப் போவதில் வெட்கம் ஒன்றுமில்லை என்றும் சொன்னார். செய்ததைத் திரும்பச் செய்யவே கூடாது என்று இருபது வருடமாக விலகி விலகி ஓடியவர்களுக்கு அதை வேறொருவர் வாயால் கேட்க வேண்டியிருந்தது.

இன்னொன்று, ஸ்டுடியோவுக்குள் வந்து பாட்டு எழுதுகிற வேலையே வேண்டாம், முழுதாக வாசித்துப் பழகிக் கைக்கு வந்த பிறகு உள்ளே வாருங்கள் என்றார். இதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. செயின்ட் ஆங்கர் ஸ்டுடியோவில் துண்டு துண்டாக வாசித்துக் கணினியில் ஒட்டிய ஆல்பம், கேட்டாலே ஒட்டு தெரியும். இது அப்படியில்லை. சுற்றுப்பயணத்தின்போது மேடைக்குப் போகும் முன் சின்ன அறையில் கூடி வாசித்துப் பார்த்ததையெல்லாம் பதிந்து வைத்திருந்தார்கள், அந்தக் குவியலில் இருந்துதான் ரிஃப்களை, அதாவது திரும்பத் திரும்ப வரும் கிடார் துணுக்குகளை, பொறுக்கினார்கள். பாஸ் வாசிக்கப் புதிதாகச் சேர்ந்த ராபர்ட் ட்ருஹியோ முதல் தடவையாக எழுதும் இடத்திலேயே உட்கார்ந்தார், செயின்ட் ஆங்கரில் பாஸ் வாசித்ததுகூடப் பாப் ராக்தான். கிடாரையும் மிகத் தாழ்த்திக் கட்டியிருந்ததை விட்டுப் பழைய ஸ்டாண்டர்ட் சுருதிக்கே ஏற்றினார்கள். வாசிப்பவர்களுக்குத் தெரியும், தந்தி இறுகினால் வலது கையின் வேகமே வேறு. பத்துப் பாட்டு, கிட்டத்தட்ட 75 நிமிடம், அதில் 1988க்குப் பிறகு வந்த முதல் குரலில்லாத, வெறும் வாசிப்புப் பாட்டு ஒன்று. மிஞ்சிய நாலு பாட்டை 2011இல் பியாண்ட் மேக்னெடிக் என்று தனியாக விட்டார்கள். அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த முதல் மூன்றே நாளில் 4,90,000 போனது.

பழைய_கேசட்:

அப்பாடா. இரண்டு பேருக்கும் நன்றி, தம்பிகளா. ஆனால் ஒன்று மட்டும் மண்டையில் ஏறவில்லை. இவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்தவர்களுக்கு, ரூபின் மாதிரி காது உள்ளவருக்கு, கடைசியில் இந்தக் கிழிசல் மட்டும் கேட்காமல் போகுமா?

மிக்ஸிங்_மேசை:

கேட்டிருக்கும், பிடித்தும் இருந்திருக்கும் என்பதுதான் என் ஊகம். ரூபின் பாட்டைப் பற்றிப் பேசுபவர், குமிழைத் திருகுபவர் இல்லை. பல நாள் ஸ்டுடியோவுக்கே வரமாட்டார் என்பது ஊரறிந்த விஷயம். பதிவைக் கவனித்தவர் கிரெக் ஃபிடல்மேன். அதுவும் போக, ரூபின் பெயர் போட்ட 1999 கலிஃபோர்னிகேஷனும் இதே குற்றத்துக்குப் பேர் போனது. ஒரு தடவை என்றால் விபத்து எனலாம்.

ஒவ்வொரு கட்டத்திலும் என்ன நடக்கும் என்று என் அனுபவத்திலிருந்து சொல்கிறேன், நான் செய்வது சின்னச் சின்ன வேலைகள்தான். மிக்ஸ் கேட்க ஆள் வருவார். இன்னொருவர் பாட்டைப் போட்டுக் காட்டி, அது இதைவிடச் சத்தமாக இருக்கிறதே என்பார். ஒரு டெசிபெல் ஏற்றுவேன், சந்தோஷமாகப் போவார். மறுநாள் வந்து இன்னும் ஒன்று என்பார். மனிதக் காதுக்குச் சத்தம் கூடினால் தரம் கூடியது போலத்தான் தோன்றும், அதில் நானும் ஏமாந்திருக்கிறேன். ஒரு திருமண மண்டபத்துக்குச் செய்த பாட்டை இப்படி நசுக்கி நசுக்கிக் கொடுத்துவிட்டு, ஆறு மாதம் கழித்துக் கேட்டபோது வெட்கமாக இருந்தது. லார்ஸிடம் இந்தச் சர்ச்சை பற்றிக் கேட்டதற்கு, காரில் போட்டுக் கேட்டேன், அட்டகாசமாக இருக்கிறது என்றார். அவர் பொய் சொல்லவில்லை. ஓடுகிற காரின் இரைச்சலில் அது அட்டகாசமாகத்தான் இருக்கும்.

இதே குழு 1988இல் நியூஸ்டெட்டின் பாஸை ஏறக்குறைய காதிலேயே விழாத அளவுக்குக் குறைத்து ஒரு முழு ஆல்பத்தை வெளியிட்டது. அதனால் நல்ல பாட்டை எழுதிக் கடைசிப் படியில் சறுக்குவது இவர்களுக்குப் புதிதல்ல.

டபுள்_பெடல்:

எல்லோரும் சேர்ந்து ரொம்பத்தான் அழுகிறீர்கள். அந்தக் கரகரப்பு இல்லாவிட்டால் இந்த ஆல்பத்தில் இவ்வளவு கோபம் தெரியுமா? கிடார் ஹீரோ பதிப்பையும் கேட்டிருக்கிறேன், சுத்தமாக இருக்கிறது, ஆனால் குளித்துப் பவுடர் போட்டு வந்தது மாதிரி இருக்கிறது. நாற்பதைத் தாண்டிய நாலு பேர் பல்லைக் கடித்துக்கொண்டு வாசிக்கிறார்கள், அது கிழியத்தான் செய்யும். எனக்கு சிடிதான் பிடிக்கும்.

ஆனால் ஒன்று ஒத்துக்கொள்கிறேன். 2011 அக்டோபர் 30 பெங்களூர் பேலஸ் மைதானத்துக்குச் சென்னையிலிருந்து நாங்கள் ஆறு பேர் ரயிலில் போனோம், அதற்கு இரண்டு நாள் முன்னால் குர்கான் நிகழ்ச்சி ரத்தாகிவிட்டதால் இதுவும் நடக்குமா என்று வயிற்றில் புளியைக் கரைத்துக்கொண்டுதான் போனோம். அங்கே இந்த ஆல்பத்துப் பாட்டு வந்தபோது பாஸ் டிரம் ஒவ்வொரு அடியும் நெஞ்சில் தனித்தனியாக விழுந்தது. சிடியில் அது ஒரே சுவராகத்தான் இருக்கும். சரி, ஒரு மதிப்பெண் உங்களுக்கு.

இன்னொன்று யாரும் சொல்லவில்லை. 2000இல் பாட்டை இணையத்தில் இலவசமாகப் பகிர விட்ட நாப்ஸ்டர் மேல் வழக்குப் போட்ட அதே லார்ஸ், இந்த ஆல்பம் ஃபிரான்சில் ஒரு கடையில் பத்து நாள் முன்னாலேயே விற்கப்பட்டு இணையத்தில் கசிந்தபோது, பரவாயில்லை, பத்து நாள்தானே என்று சிரித்துக்கொண்டே விட்டுவிட்டார். வயதாகிவிட்டது பாருங்கள்.

ஆறு_தந்தி:

பவுடர் போட்டது மாதிரியா! டிரம்ஸ் வாசிக்கிற நீயே ஸ்னேரை வெட்டியது பிடிக்கும் என்றால் என்ன சொல்வது தம்பி. கோபம் வாசிப்பில் இருக்கிறது, கிளிப்பிங்கில் இல்லை. மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸில் கோபம் இல்லையா என்ன?

மிக்ஸிங்_மேசை:

சண்டை வேண்டாம். அண்ணனுக்குப் பயன்படுகிற மாதிரி ஒன்று சொல்கிறேன். இப்போது ஸ்பாட்டிஃபை போன்ற செயலிகள் எல்லாப் பாட்டையும் ஏறக்குறைய ஒரே அளவு சத்தத்துக்குக் கொண்டுவந்துதான் ஒலிக்க விடுகின்றன. அதிகச் சத்தமாகச் செய்த பாட்டு தானாகக் கீழே இறங்கும். அதாவது 2008இல் எந்தச் சத்தத்துக்காக அடியைப் பலி கொடுத்தார்களோ, அந்தச் சத்தம் இன்று காணாமல் போகிறது, கிழிசல் மட்டும் மிச்சம். கறுப்பு ஆல்பத்தையும் இதையும் அங்கே அடுத்தடுத்துப் போட்டுப் பாருங்கள், எது பெரிதாகக் கேட்கிறது என்று உங்களுக்கே தெரியும். ஹெட்போனைச் சோதிக்கவும் அதுதான் நல்ல வழி.

பழைய_கேசட்:

செய்து பார்த்தேன். கறுப்பு ஆல்பத்தில் ஒரு பொட்டுக் கிழிசல் இல்லை, ஸ்னேர் அடி கண்ணுக்கு முன்னால் விழுகிற மாதிரி இருக்கிறது. டெத் மேக்னெடிக் வந்ததும் எல்லாம் ஒரே தட்டாகிவிட்டது. ஹெட்போன் வீட்டிலேயே இருக்கப் போகிறது. நேற்று இரவு காரில் போகும்போது இதே ஆல்பத்தைப் போட்டேன். லார்ஸ் சொன்னது சரிதான், காரில் நன்றாகத்தான் இருக்கிறது. பின்சீட்டிலிருந்த மகள் மட்டும் ஸ்பீக்கர் போய்விட்டதா அப்பா என்று கேட்டாள்.